துவக்கை வைத்துவிட்டுக் கிழங்கு நட்டேன்: பழகாத கேம் வகைகளுக்கு ஓர் அறிமுகம்

போன சித்திரை விடுமுறைக்கு அக்காவின் மகள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வந்து நின்றாள். பதினாறு வயது. விடிந்தால் மடிக்கணினியில் ஸ்டார்டியூ வேலி, இரவு படுக்கும்வரை அதே ஸ்டார்டியூ வேலி. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், கோழிக்குத் தீனி போடுகிறாள், மீன் பிடிக்கிறாள். மூன்றாம் நாள் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"இதுவும் ஒரு கேமோ? ஒருத்தரையும் சுடத் தேவையில்லையோ?"

"சரி மாமா. ஒரு கிழமைக்கு நீங்கள் இதை விளையாடுங்கோ, நான் உங்கட கவுண்டர் ஸ்ட்ரைக்கை விளையாடுறன். ஆர் முதல்ல விடுறது எண்டு பாப்பம்."

அவள் இரண்டாம் நாளே விட்டாள். நான் இன்னும் விடவில்லை. என் பண்ணை இப்போது மூன்றாம் வருடத்தில் நிற்கிறது. பந்தயத்தில் வென்றது நான்தான் என்றாலும், உண்மையில் தோற்றது யார் என்பதில் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. கேம்களில் "வகை" என்று எதைச் சொல்கிறார்கள், பழகாத வகைக்குள் போனால் ஏன் முதலில் எரிச்சல் வருகிறது, எந்த வாசலால் போனால் அது குறையும் என்பதெல்லாம் அந்த ஒரு கிழமையில்தான் எனக்குப் பிடிபட்டது. புதிதாக எட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

எங்கள் வயதுக்காரருக்குக் கேம் அறிமுகமான விதம் அநேகமாக ஒன்றுதான். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நெட் கஃபே. மணித்தியாலக் கணக்கில் காசு. பத்துக் கணினியிலும் கவுண்டர் ஸ்ட்ரைக், பின்வரிசையில் ஒரே கத்தல். பிறகு வீட்டுக்குக் கணினி வந்தது. கூடவே கொப்பி பண்ணிய சீடியில் வைஸ் சிற்றியும் கிரிக்கெட் 07உம் வந்தன. இதில் எதையும் நாங்கள் தெரிவு செய்யவில்லை. கிடைத்ததை விளையாடினோம், விளையாடியதில் கை பழகியது, கை பழகியதற்கு "எனக்குப் பிடித்த வகை" என்று பெயர் வைத்துக்கொண்டோம். இருபது வருடமாக "நான் சுடுற கேம் ஆள்" என்று சொல்லித் திரிந்தவன், அந்த வேலிக்கு வெளியே ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

சரி, வகை என்றால் என்ன? காலி வீதியில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் பலகையைப் பாருங்கள். கொத்து என்பது செய்யும் விதத்தால் வந்த பெயர். தகட்டில் போட்டு ரொட்டியைக் கொத்துகிறார்கள், ஆகவே கொத்து. ஷோர்ட் ஈட்ஸ் என்பது அளவு. சைனீஸ் என்பது நாடு. டெவில் என்பது உறைப்பு. நாலும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருக்கும், நாங்கள் குழம்புவதில்லை. அந்தச் சாப்பாட்டோடு வளர்ந்திருக்கிறோம். நாட்டுக்குப் புதிதாக வந்தவருக்குத்தான் திண்டாட்டம்.

கேம் வகைகளின் பலகையும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஷூட்டர், பிளாட்ஃபோமர் என்றால் கை செய்யும் வேலை: சுடு, மேடைக்கு மேடை பாய். ஹொரர் என்றால் மனதில் வரும் பயம். ஸ்போர்ட்ஸ் என்றால் எதைப் பற்றியது என்பது. இன்னும் சில, பரம்பரைப் பெயர்கள். 1980இல் யூனிக்ஸ் கணினிகளுக்காக எழுதப்பட்ட ரோக் என்ற விளையாட்டில் படமே கிடையாது; மின்னஞ்சல் முகவரியில் வரும் "அட்" குறிதான் நீங்கள், ஆங்கிலப் பெரிய எழுத்துகள்தான் அரக்கர்கள். அதன் பேரப்பிள்ளைகள் எல்லாம் இன்று ரோக்லைக். 1986இல் தொடங்கிய மெட்ரொய்ட், கசில்வேனியா என்ற இரண்டு தொடர்களின் பெயரையும் ஒட்டியது மெட்ரொய்ட்வேனியா. 2009இல் டீமன்ஸ் சோல்ஸ், 2011இல் டார்க் சோல்ஸ் என்று வந்த பிறகு சோல்ஸ்லைக். 1993இல் டூம் வந்து கொஞ்சக் காலத்துக்கு அதைப் போன்ற எல்லாவற்றையும் "டூம் குளோன்" என்றுதான் சொன்னார்கள். சுடுகிற ஆளின் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்ப்பதால் வந்த ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர் என்ற பெயர் பிறகுதான் நிலைத்தது. நக்கலாகப் பிறந்த பெயரும் உண்டு. ஓர் இடத்தில் நடந்து திரிந்து கதையைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத கேம்களை "வோக்கிங் சிமுலேட்டர்" என்று கிண்டலடித்தார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு பெயரிலும் ஒன்றாவது, அந்த விளையாட்டில் உங்களுக்கு எதனால் சந்தோசம் வரப்போகிறது என்று சொல்கிறதா? இல்லை. 2004இல் ராபின் ஹுனிக்கே, மார்க் லெபிளாங்க், ராபர்ட் ஸூபெக் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்த இடத்தில் உதவும். விளையாட்டில் கிடைக்கும் இன்பத்தை அவர்கள் எட்டாகப் பிரித்தார்கள்: கண்ணுக்கும் காதுக்கும் வரும் சுகம், வேறோர் ஆளாக இருந்து பார்க்கும் கற்பனை, கதை, சவால், கூடி விளையாடுவது, புதிய இடங்களைக் கண்டுபிடிப்பது, தன் கைவண்ணத்தைக் காட்டுவது, சும்மா பொழுதைக் கரைப்பது. எட்டோடு முடிந்தது என்று அவர்களும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்களுக்கு மிகவும் பிடித்த கேமை ஒருதரம் நிதானமாகப் பாருங்கள். எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

கவுண்டர் ஸ்ட்ரைக்கின் பழைய பதிப்பில் முதல் சுற்றுக்கு உங்கள் கையில் 800 டொலர் இருக்கும். ஓர் ஏகே துவக்கு வாங்க 2500 வேண்டும். வென்றால் கூடக் காசு, தோற்றால் குறைய, செத்தால் வாங்கிய துவக்கும் போய்விடும். அதனால் சில சுற்றுகளில் ஒன்றுமே வாங்காமல், கையிலிருக்கும் பிஸ்டலோடு போய்ச் செத்து, காசைச் சேர்ப்பதுதான் கெட்டித்தனம். "இந்த ரவுண்ட் சேவ், ஒருத்தரும் வாங்காதேங்கோ!" என்று நெட் கஃபேயில் கத்துகிற ஆள் நான்தான். குறிபார்த்துச் சுடுவதில் நான் ஒருநாளும் பெரிய ஆளாக இருந்ததில்லை. பெடியன்கள் என்னைக் குழுவில் சேர்த்ததே இந்தக் கணக்குக்காகத்தான். அவ்வளவு காலமும் நான் ரசித்தது துவக்கை அல்ல, கடையை. ஒரு கற்பனைப் பண்ணையில் கிழங்கு நட்டுக்கொண்டிருக்கும்போது இது விளங்கியது.

முதல் இரவில் அப்படி ஒன்றும் விளங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலு வருடத்துக்கு மேலாகத் தனியாளாக இருந்து, படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து, 2016இல் வெளியிட்டார். தாத்தா விட்டுப்போன பண்ணைக்கு நீங்கள் போய்ச் சேருகிறீர்கள். தொடக்கத்தில் 15 பார்ஸ்னிப் விதை தருகிறார்கள். கரட் மாதிரி ஒரு வெள்ளைக் கிழங்கு, நாலு நாளில் விளையும். விளையாட்டுக்குள் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி அடுத்த நாள் அதிகாலை இரண்டு மணிக்கு முடியும். எங்கள் மணிக்கூட்டில் அது கிட்டத்தட்ட 14 நிமிடம். நான் பதினைந்து விதையையும் நட்டுவிட்டு, ஊராரோடு கதைக்கப் போய், வழி தவறி, இரண்டு மணிக்கு நடுத்தெருவில் மயங்கி விழுந்தேன். மறுநாளும் அதே கதை. எதிரி என்று ஒருவரும் வரவில்லை. "இப்ப நான் என்ன செய்யவேணும்?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"விரும்பினதைச் செய்யுங்கோ மாமா."

சுடுகிற கேம் ஆளுக்கு இதைவிடக் கொடுமையான பதில் கிடையாது.

மூன்றாம் நாள்தான் பிடி கிடைத்தது. ஒரு பருவம் 28 நாள். பருவம் மாறினால் நிலத்தில் நிற்கும் பயிர் பெரும்பாலும் வாடிப்போகும். புளூபெரி காய்க்க 13 நாள் வேண்டும், அதன்பின் நாலு நாளுக்கு ஒருதரம் காய்க்கும். அப்படியென்றால் அதை 1ஆம் தேதி நடுகிறவன் கெட்டிக்காரன், 20ஆம் தேதி நடுகிறவன் காசைக் கடலில் போடுகிறான். விதை விலை, விற்கும் விலை, விளையும் நாள், தண்ணீர் ஊற்றச் செலவாகும் தெம்பு... நான் எழுந்துபோய் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து வந்தேன். சேவ் ரவுண்ட் திரும்பி வந்துவிட்டது! அன்றிரவு கரையோர ரயில் சத்தம் அடங்கி எவ்வளவோ நேரத்துக்குப் பிறகுதான் படுத்தேன்.

மருமகளின் பக்கம் நடந்ததில்தான் எனக்குக் கூடுதலான பாடம் இருந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் இடது கை நடக்கவேண்டும், வலது கை பார்க்கவேண்டும். கீபோட்டில் நாலு எழுத்து கால், மவுஸ் கழுத்து. எனக்கு இது மூச்சு விடுவது மாதிரி. அவளால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை. நடக்கும்போது பார்வை நிலத்துக்குப் போனது. நின்று தலையை நிமிர்த்துவதற்குள் செத்தாள். காலடிச் சத்தத்தை வைத்து எதிரி எந்தப் பக்கம் என்று பிடிப்பது, ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது என்பது, மூலை திரும்பும் முன்பே குறியைத் தலை உயரத்தில் வைத்திருப்பது, இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இவையெல்லாம் ஒருவர் சொல்லித்தரவேண்டிய விசயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"எனக்கு இது பிடிக்கேல்லை" என்று கணினியை மூடினாள். அவளுக்கு அது விளங்கவில்லை என்பதே சரி.

பழகாத வகையில் முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் இந்த இரண்டும் ஒரே முகத்தோடுதான் வரும்: பிடிக்கவில்லை, விளங்கவில்லை. கிரிக்கெட்டே தெரியாத ஒருவரை எஸ்எஸ்சி மைதானத்துக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் மட்ச்சுக்கு முன்னால் இருத்துங்கள். ஐந்து நாள் விளையாடியும் ட்ரோவா என்று கேட்பார். கடைசி விக்கெட் சோடி ஓட்டமே எடுக்காமல் தடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எங்களுக்கு நெஞ்சு அடிக்கும், அவருக்குக் கொட்டாவி வரும். அவரிடம் ரசனை இல்லை என்று நாங்கள் சொல்வதில்லையே. ஒவ்வொரு கேம் வகைக்கும் இப்படி எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு. பழையவர்களுக்கு அது கண்ணுக்கே தெரியாது; புதியவருக்கு அதுதான் சுவர்.

இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். இப்போது தோற்றேனே, ஏன் தோற்றேன் என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் இன்னும் விளங்கவில்லை. கொஞ்சம் பொறுக்கலாம், அல்லது தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக் கேட்கலாம். காரணம் தெளிவாகத் தெரிந்தும் அலுப்பாகவே இருந்தால் அது ரசனை. தாராளமாக விடலாம்.

மருமகள் விசயத்தில் பிழை என்னுடையது. கோழிப்பண்ணையிலிருந்து நேரே போர்க்களத்துக்கு அனுப்பினால் யார்தான் நிற்பார்கள்? பக்கத்து வளவுக்கு அல்லவா முதலில் அனுப்பியிருக்கவேண்டும். அவள் விளையாடுவதைப் பின்னால் நின்று ஒழுங்காகப் பார்த்தேன். பயிர்ச்செய்கையில் அவளுக்குப் பெரிய அக்கறை இல்லை. கிடைத்த நேரத்தையெல்லாம் அந்த ஊரின் சுரங்கத்தில்தான் செலவழித்தாள். 120 தளம். ஒவ்வொரு தளத்திலும் கல்லை உடைத்து ஏணியைக் கண்டுபிடித்துக் கீழே இறங்கவேண்டும். மயங்கி விழுந்தால் கையிலிருந்த பொருளிலும் காசிலும் கொஞ்சம் போய்விடும். "இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு" என்று இறங்கிக்கொண்டே இருந்தாள். ரோக்லைக்கின் வாசல் அது என்று அவளுக்குத் தெரியாது.

ரோக்லைக் என்றால் இவ்வளவுதான்: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடம் புதிதாக அமையும், செத்தால் முதலிலிருந்து. பழைய இடத்தைப் பாடமாக்கி வெல்ல முடியாது, பொதுவான புத்தியைத்தான் வளர்க்கவேண்டும். செத்த பிறகும் ஏதோ ஒன்றை அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்று இளக்கம் காட்டும் கேம்களை ரோக்லைட் என்கிறார்கள். தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது. 2022இல் நான் இந்த வகையை அறிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. வீட்டுக் கணினிக்கு யூபிஎஸ் கிடையாது. சேவ் பண்ணாத ஆட்டங்கள் எத்தனை போயின என்று கணக்கே இல்லை. அரை மணித்தியாலத்தில் எப்படியும் சாகப்போகிற கேம் என்றால் கரண்ட் போனதற்குக் கவலைப்பட்டிருக்கமாட்டேன்.

மருமகளுக்கு ஸ்லே த ஸ்பயர் எடுத்துக் கொடுத்தேன். 2019இல் முழுமையாக வெளிவந்தது. சண்டைதான், ஆனால் காட்ஸால். கையில் வரும் காட்ஸில் எதைப் போடுவது என்று ஆற அமர யோசிக்கலாம், மவுஸ் வேகம் தேவையில்லை. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் புதுக் காட்ஸ் ஒன்று சேர்க்கலாம். சேர்க்காமல் விடுவதும் புத்தி என்று அவள் கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. அதன் பிறகு என்னை அவள் தேடவில்லை.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். வைஸ் சிற்றியில் மிசனை விட்டுவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டு சும்மா வண்டி ஓட்டித் திரிந்தவரா நீங்கள்? யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 உங்களுக்காகவே செய்தது. லொறி, நெடுஞ்சாலை, வானொலி, அவ்வளவுதான். கரம் விளையாடும்போது கோணம் பார்த்து மகிழ்கிறவர் புதிர் வகைகளுக்குப் போகலாம்.

ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 2013இல் லூகாஸ் போப் செய்த பேப்பர்ஸ், ப்ளீஸ். ஒரு கற்பனை நாட்டின் எல்லையில் நீங்கள் குடிவரவு அதிகாரி. வரிசையில் வருகிறவரின் பாஸ்போர்ட்டை வாங்கி, படம், தேதி, முத்திரை எல்லாம் சரியா என்று பார்த்து உள்ளே விடவேண்டும், அல்லது திருப்பி அனுப்பவேண்டும். தலைக்கு இவ்வளவு என்று சம்பளம். பிழைவிட்டால் முதல் இரண்டு தரம் எச்சரிக்கை, பிறகு தண்டப்பணம். இரவில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காசு போதாது. விதிகள் நாளுக்கு நாள் கூடும். கதை கேட்டால் அலுப்புத்தான். ஆனால் விசாவுக்காகக் கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியற்காலையில் வரிசையில் நின்ற அனுபவம் இல்லாத தமிழ்க் குடும்பம் கொழும்பில் எத்தனை? அந்தக் கண்ணாடிக்கு மறுபக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. கெஞ்சும் ஒரு கிழவியைத் திருப்பி அனுப்பினேன், தேதி இரண்டு நாள் பிந்தியிருந்தது. பிறகு கொஞ்ச நேரம் பல்கனியில் போய் நின்றேன். இதை எந்த வகையில் சேர்ப்பது? கடையில் புதிர் என்றும் சிமுலேட்டர் என்றும் போடுகிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை.

காசு விசயத்துக்கு வருவோம். டொலர் கிட்டத்தட்ட 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதைப் பார்த்தவர்களிடம் "பிடிக்குமோ தெரியாது, வாங்கிப் பாருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். ஸ்லே த ஸ்பயர் போன்றவற்றைச் சோதிக்க இந்த நேரம் போதும். சிவிலைசேஷன் மாதிரி ஒரு நாகரிகத்தையே கட்டியெழுப்பும் கேமுக்குப் போதவே போதாது. இரண்டு மணித்தியாலத்தில் உங்கள் ஊர் அப்போதுதான் வேலி கட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு டெமோவைத் தேடுங்கள், அல்லது அதே வகையில் இலவசமாகக் கிடைக்கும் உறவுக் கேம் ஒன்றோடு தொடங்குங்கள். முறை வைத்து ஆடும் போர்த்தந்திரத்துக்கு 2003இலிருந்து இருக்கும் பெட்டில் ஃபோ வெஸ்னோத், ரயிலும் பஸ்ஸும் ஓட்டி இலாபம் பார்க்க ஓப்பன்டிடிடி, பழைய ரோக்லைக்கின் கடுமையைப் பார்க்க 1987இல் பிறந்த நெட்ஹாக். மூன்றும் காசில்லாதவை, பழைய மடிக்கணினியிலும் ஓடும். எபிக்கின் கடையும் கிழமைதோறும் ஏதாவது ஒன்றை இலவசமாகத் தருகிறது.

கடினத்தைக் குறைக்க வெட்கப்படவேண்டாம். 2018இல் வந்த செலெஸ்ட் என்ற மலையேறும் பிளாட்ஃபோமரில் வேகத்தைக் குறைக்கவும், சாகாமலே போகவும் ஏற்பாடு உள்ளேயே உண்டு. நான் வேகத்தைக் குறைத்துத்தான் ஏறினேன். டார்க் சோல்ஸில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. அந்த வகையை மூன்று தரம் முயன்றேன், ஒவ்வொரு தரமும் ஏன் தோற்றேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. விட்டுவிட்டேன்.

விளங்குவதற்கும் ரசனைக்கும் அப்பாற்பட்ட காரணங்களும் உண்டு. 2014இல் வந்த திஸ் வோர் ஒஃப் மைன், முற்றுகையிட்ட நகரத்தில் அகப்பட்ட சாதாரண சனங்களைப் பற்றியது. சரஜேவோ முற்றுகையை வைத்துச் செய்தார்கள். போர்க் கேம்களில் இவ்வளவு நேர்மையானது குறைவு. ஆனாலும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதைப் போடமாட்டேன். சித்தப்பா வன்னியிலிருந்து வந்தவர். கேமில் ஹெலி சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவார். அவரிடம் "கொஞ்சம் பழகிப் பாருங்கோ" என்று யாரும் சொல்லப் போவதில்லை.

அப்பாவின் விசயம் வேறு. எழுபத்தைந்து வயதுவரை எந்தக் கேமையும் தொட்டதில்லை, ஆனால் 304 என்ற காட்ஸ் விளையாட்டு என்றால் சாப்பாட்டை மறப்பார். மருமகள் இதைக் கவனித்திருக்கிறாள். போன மாதம் வந்தபோது தன் போனில் பலாட்ரோவைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். 2024இல் வந்த ரோக்லைக். போக்கர் காட்ஸைச் சேர்த்துப் போட்டுப் புள்ளி எடுக்கவேண்டும், இடையில் ஜோக்கர்கள் வந்து விதியையே மாற்றிவிடும். அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஏஸுக்கு 11, பத்துக்கு 10, சரி என்று தலையாட்டினார். பிறகு ஜாக்கின் மேல் விரலை வைத்தார். 304இல் ஜாக்குக்கு 30 புள்ளி, அதற்கு மேல் காட்ஸே கிடையாது.

"என்ன பிள்ளை, ஜாக்குக்கும் பத்துத்தானோ? ஆர் இந்த விளையாட்டைச் செய்தது?"

"அது அப்பிடித்தான் அம்மப்பா. விளையாடிப் பாருங்கோ."

"பிழையான விளையாட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைப் போட்டார். ஒன்பதரைக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "இந்தச் சுற்று முடியட்டும்" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.